ஆனை வருகுதெண்டு சொல்லு

பாரிஸ் லா சப்பலில், ரூ காய் என்கிற தெருவில் இருக்கும் தில்லையம்பலத்தின் பலசரக்குக் கடைக்குள் அந்த ஆனை கிழமைக்குக் கிழமை வளர்ந்துகொண்டு வந்தது. ஆபிரிக்காவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய முதல் கிழமை அது கடைக் கதவளவு உயரம்தான் இருந்தது. அடுத்த கிழமை முதலாம் மாடி ஜன்னலை எட்டிப் பார்த்தது. ஆவணி பிறப்பதற்குள், கார் து நோர் ரெயில் நிலையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினால் கூரை இடிக்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. முருங்கைக்காயும் ஒடியல்மாவும் வாங்க வந்த சனம் பையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“நேரை எனக்கு முன்னாலை வந்து நிண்டுது. நான் ஒரு அடி அசையேல்லை. கும்பிட்டுக்கொண்டு நிண்டனான். என்ரை கையாலை எலுமிச்சம்பழத்தை வாங்கித் திண்டிட்டு, தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிப்போட்டுப் போட்டுது. சாட்சாத் பிள்ளையார். வேறை ஆர்?” என்பார் தில்லையம்பலம். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பொய்யைத் தழுதழுத்துச் சொல்வதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் தாராளமாகவே இருந்தது.

கல்லாவில் இருந்து கறித்தூள் பைக்கற்றுக்கு விலை அடித்துக்கொண்டிருக்கும் தில்லைநாயகி தலையை நிமிர்த்த மாட்டாள். அவள் அவருடைய மனைவி. அந்த ஆனை வந்தபோது அவளும் அங்கேதான் இருந்தாள். சொல்லப்போனால், ஆனை வந்த காரியத்தில் உருப்படியாக ஏதாவது செய்தவள் அவள் ஒருத்திதான். கணவரின் கதையில் அவள் பெயருக்குக்கூட இல்லை. “உண்மையோ அக்கா?” என்று யாராவது ஆவலாகக் கேட்டால், “கார்த்தோ, காசோ?” என்று பணம் கட்டுகிற வழியைத் திருப்பிக் கேட்பாள்.

அவள் குறுக்கே விழுந்து மறுக்காததற்குக் காரணம் இருந்தது. அவள் தில்லையம்பலத்தோடு கதைப்பதை நிறுத்தி எட்டு வருடம் ஆகியிருந்தது.

அது 2009ஆம் ஆண்டுப் பிள்ளையார் கோயில் தேர். ஊரில் சண்டை முடிந்த வருடம். ஒருவருக்கும் மனம் சரியில்லை, ஆனாலும் லா சப்பல் தெருக்களில் தேர் வந்தது, தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்கச் சனமும் வந்தது. தில்லையம்பலம் கடை வாசலில் தேங்காயைக் குவித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக் குவியலைவிடத் தன்னுடையது ஒரு முழமாவது உயரமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய பக்தி. “அடியிலை கட்டை வையுங்கோ, உருண்டிடும்” என்றாள் தில்லைநாயகி. அவர் திரும்பினார். கடைக்காரர்கள், வாடிக்கைக்காரர்கள், அவளோடு கோயிலில் தேவாரம் படிக்கிற பெண்கள் எல்லோரும் நிற்க, “உனக்கென்ன தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு நில்” என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தேங்காய் உருண்டது. குழந்தைகள், கிழவர்கள், கமராவோடு நின்ற பிரெஞ்சுக்காரர்கள் எல்லோருடைய காலுக்குள்ளும் புகுந்து தெருமுனை வரைக்கும் போனது. அதைத் துரத்திக்கொண்டு தில்லையம்பலம் வேட்டியோடு ஓடினார். தில்லைநாயகி அன்று பொத்திய வாயை அவருக்கு முன்னால் பிறகு திறக்கவில்லை.

மற்றப்படி குடும்பம் ஒழுங்காகவே நடந்தது. கூசேன்வில் வீட்டிலிருந்து கடைக்கு ஒரே ரெயினில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் இருவரும் வருவார்கள். அவள் சமைப்பாள், அவர் சாப்பிடுவார். மகள் சுபாங்கி நடுவில் நின்று தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தாள். அவள் இல்லாத நேரத்தில் வாடிக்கைக்காரர்கள் அந்த வேலையைப் பார்த்தார்கள். கடையில் ஒருவருமே இல்லாவிட்டால் சுவரில் தொங்கிய பிள்ளையார் படத்தின் தலையில் அது விடியும்.

“பிள்ளையாரப்பா, கொத்தமல்லி முடிஞ்சுது” என்பாள் அவள்.

“பிள்ளையாரப்பா, நாளைக்கு வரும் எண்டு சொல்லு” என்பார் அவர்.

2017இல் தில்லையம்பலத்துக்கு அறுபது வயது. அறுபதாம் கலியாணம் செய்யவேண்டும், ஊரைக் கூட்டித் தாலி கட்டவேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். இந்தச் செய்தியைச் சுபாங்கி அம்மாவிடம் கொண்டுவந்தாள்.

“தாராளமாச் செய்யட்டும்” என்றாள் தில்லைநாயகி. “ஆனால் ஒண்டு. அந்த மனிசன் சனத்துக்கு முன்னாலை சொன்னவர். சனத்துக்கு முன்னாலைதான் அதைத் திருப்பி எடுக்கோணும். அதுவரைக்கும் நான் தாலிக்குக் கழுத்து நீட்டமாட்டன்.”

“எடுக்காட்டி?”

“தாலியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கட்டும்.”

“மமோ, ஸே பா நொர்மால்!” என்று சுபாங்கி தலையில் கைவைத்தாள். பிள்ளை சொன்னதும் சரிதான், இது சாதாரண மனிதர் செய்கிற வேலை இல்லை. தில்லைநாயகிக்கும் களைத்துப்போய்த்தான் இருந்தது. எட்டு வருடமாக ஒரு மனிதனிடம் ‘தேத்தண்ணி ஆறுது’ என்று நேரே சொல்லாமல் சமாளிப்பது லேசான காரியமா? ஆனாலும் அந்தச் சொல் அவளுக்கு உள்ளே அப்படியே இருந்தது. நாலு பேருக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவளாக நிறுத்தப்பட்ட அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் முகம் சுட்டது. அதில் நூலளவும் இறங்கிவர அவள் தயாராக இல்லை.

சுபாங்கி ஒரு திட்டம் போட்டாள். இப்போது அறுபதாம் கலியாணத்துக்கும் வெளிநாட்டில் போய் வீடியோ எடுப்பது லா சப்பலில் ஒரு நோயாகப் பரவியிருந்தது. வில்லியே லே பெல் புறநகர்க் குடும்பம் ஒன்று வெனிசில் படகில் இருந்து ஒருவருக்கொருவர் லட்டு ஊட்டி, அதை மண்டபத்தில் போட்டுக் காட்டியிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து தில்லையம்பலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே நமீபியா, பொட்ஸ்வானா. இரண்டு கிழமை, ஒரு ஜீப், சுற்றிவரப் பாலைவனம். மொழிபெயர்க்க ஒரு மனிதக் குஞ்சும் இருக்காது, கதைத்தே ஆகவேண்டும் என்று சுபாங்கி கணக்குப் போட்டாள். எல்லாம் சரியாக யோசித்த பிள்ளை, வீடியோ எடுக்க மடுத்தீனையும் கூட அனுப்பிவிட்டது.

மடுத்தீன் மன்னார்க் கத்தோலிக்கன். சேலைக் கடைக்கு மேல் மாடியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறான். லா சப்பலில் நடந்த எந்தக் கொண்டாட்டத்திலும் அவனுடைய முழங்கை இடிக்காத ஆள் இல்லை. ஜீப்பின் பின் இருக்கையில் கமராவோடு ஏறியவன், விமான நிலையத்தைத் தாண்டுவதற்குள்ளேயே தான் எதற்கு வந்திருக்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டான்.

“மடுத்தீன், தண்ணிப் போத்தல் எங்கை எண்டு அக்காவைக் கேள்.”

“மடுத்தீன் தம்பி, அவற்றை காலுக்குக் கீழை எண்டு சொல்லு.”

அங்கே வாகனம் இடப்பக்கம் ஓடவேண்டும். தில்லையம்பலம் முப்பது வருடம் பிரான்சில் வலப்பக்கம் ஓட்டிய மனிதர். அதனால் பயம் வந்து, பயத்தால் பக்தி வந்தது. சந்தையில் பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கினார். தினமும் காலையில் ஜீப்பின் முன்மூடியில் திருநீறு பூசி, பூவும் எலுமிச்சம்பழமும் வைத்து, கற்பூரம் கொளுத்தி, நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து நசித்த பிறகுதான் புறப்படுவார். வாடகைக்கு எடுத்த ஜீப் என்பதால் அதற்கு இரட்டிப்புப் பாதுகாப்பு வேண்டுமாம்.

பாதையில் பார்த்ததெல்லாம் விசித்திரம். தந்திக் கம்பம் ஒன்றில் வைக்கோற்போர் ஏறி உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனால் முழுவதும் குருவிக்கூடு. அடிப்பக்கமெல்லாம் வாசல்கள், நூற்றுக்கணக்கான குருவிகள் சண்டை பிடித்துக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே குடியிருந்தன. வில்லியே லே பெல் மாடிவீடுகள்தான் ஞாபகம் வந்தது, உடைந்த லிப்ட் ஒன்றுதான் குறை. இன்னோரிடத்தில் காட்டுப்பன்றி ஒன்று முன்னங்காலை மடக்கி முழந்தாளில் நின்று புல் தின்றது. “கும்பிடுது பார்” என்று தில்லையம்பலம் ஜீப்பை நிறுத்திவிட்டுத் தானும் கும்பிட்டார்.

கடற்கரை ஒன்றில் ஆயிரக்கணக்கான கடல்நாய்கள் கிடந்தன. அந்த நாற்றத்துக்கு வெள்ளைக்காரரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தில்லையம்பலம் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நின்று, கருவாட்டுப் பெட்டி திறக்கிற மனிதனுக்கு இதெல்லாம் வாசனை என்று அறிவித்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

பாலைவனத்தின் நடுவில் ஒரு செடி காட்டினார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்குமாம். அத்தனை காலத்துக்கும் அதற்கு இரண்டே இரண்டு இலைதானாம். இரண்டும் ஒரே அடியிலிருந்து கிளம்பி, ஆளுக்கொரு பக்கம் மண்ணில் புரண்டு, காற்றில் கிழிந்து கிடந்தன. இதுகளும் கதைக்கிறதில்லைப் போல என்று தில்லைநாயகி நினைத்தாள். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சிவப்பு மணல்மேட்டில் வீடியோ எடுப்பு நடந்தது. அவளுக்குக் கூறைச்சேலை, அவருக்குப் பட்டு வேட்டி. காற்று இரண்டையும் ஒரே நேரத்தில் பறிக்கப் பார்த்தது. “அண்ணை, அக்காவின்ரை கண்ணைப் பாருங்கோ” என்று மடுத்தீன் கத்தினான். அவர் அவளுடைய தோட்டைப் பார்த்தார். “அக்கா, அண்ணையைப் பார்த்துச் சிரியுங்கோ.” அவள் அவருக்குப் பின்னால் தூரத்தில் நின்ற தீக்கோழியைப் பார்த்துச் சிரித்தாள். படம் நன்றாக வந்தது.

ஒரு தங்குமிடத்தில் பெரிய சொண்டுள்ள பறவை ஒன்று வந்து ஜீப்பின் பக்கக் கண்ணாடியைக் கொத்து கொத்தென்று கொத்தியது. கண்ணாடிக்குள் தெரிந்த தன்னையே எதிரியென்று நினைத்துவிட்டது.

“இது ஆரோடை கோபிக்குது அக்கா?” என்றான் மடுத்தீன்.

“தன்னோடைதான். சில பேருக்கு அது கடைசி வரைக்கும் விளங்காது எண்டு சொல்லு” என்றாள் அவள். மடுத்தீன் இதை மொழிபெயர்க்காமல் விழுங்கிக்கொண்டான்.

பொட்ஸ்வானாவில் வனத்துக்குள் நுழைகிற வாசலில், சீருடை போட்ட ஒரு பெண் ஜீப்பை மறித்தாள். தோடம்பழம், எலுமிச்சம்பழம் ஏதாவது கொண்டுபோகிறீர்களா என்று இங்கிலிசில் கேட்டாள். ஆனைக்கு அந்த வாசம் வெகுதூரத்துக்கே பிடிக்கும், வந்தால் கதவைப் பிய்த்து எடுத்துவிடும் என்றாள். தில்லைநாயகி யாழ்ப்பாணத்தில் இங்கிலிசில் திறமைச் சித்தி எடுத்தவள். ஒரு சொல் விடாமல் விளங்கியது. தில்லையம்பலத்துக்கு விளங்கியது ‘லெமன்’ மட்டும். “நோ, நோ” என்று பல்லைக் காட்டினார்.

“மடுத்தீன் தம்பி, எலுமிச்சம்பழத்தை இஞ்சையே குடுக்கச் சொல்லு. ஆனை வருமாம்.”

“சாமிக்கு வைக்கிறதைப் பழம் எண்டு சொல்லக்கூடாது எண்டு சொல்லு” என்றார் அவர். “ஆனை ஆற்றை ஆள்? பிள்ளையாற்றை ஆள். அவவுக்கென்ன தெரியும்?”

மறுநாள் காலை. அங்கே தங்குமிடத்துக்கு வேலி கிடையாது. மரங்களுக்கு நடுவில் ஜீப் நின்றது. தில்லைநாயகி போர்வையைச் சுற்றிக்கொண்டு முன் இருக்கையில் இருந்தாள். மடுத்தீன் பின் இருக்கையிலிருந்து கமராவை வெளியே நீட்டிப் பிடித்திருந்தான். தில்லையம்பலம் ஜீப்புக்கு முன்னால் நின்று, கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, நெற்றிப்பொட்டில் குட்டி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடத் தொடங்கினார். இதைக் கலியாண வீடியோவின் தொடக்கமாகப் போடவேண்டும் என்பது அவர் உத்தரவு.

அவருக்குப் பின்னால் மரங்கள் விலகின. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு மெதுவாக வரும் என்று தில்லைநாயகி கனவிலும் நினைத்ததில்லை. முன் கண்ணாடிக்குள்ளால் அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஆனை தும்பிக்கையை நீட்டி மோப்பம் பிடித்தபடி நேரே அவருடைய முதுகை நோக்கி நடந்து வந்தது. எட்டு வருடத்துப் பழக்கம் தொண்டையில் குறுக்கே நின்றது.

“மடுத்தீன் தம்பி, ஆனை வருகுதெண்டு அவருக்குச் சொல்லு.”

மடுத்தீன் கமராவுக்குள்ளேயே கண்ணை வைத்திருந்தான். “அண்ணை, ஆனை வருதாம். அக்கா சொல்லுறா.”

தில்லையம்பலம் கண்ணைத் திறக்கவில்லை. இருந்து எழும்பினார். “பூசை நேரத்திலை என்ன பகிடி? அவவுக்கென்ன தெரியும் எண்டு சொல்லு.”

“அக்கா, உங்களுக்கென்ன…”

“கேட்டுது தம்பி.”

அப்போதுதான் மடுத்தீன் கமராவிலிருந்து கண்ணை எடுத்தான். “மாதாவே” என்றான். தும்பிக்கை தில்லையம்பலத்தின் காதோரமாக நீண்டு, முன்மூடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. அந்த மூச்சுக் காற்று பட்டு அவர் கண்ணைத் திறந்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் ஓடவில்லை, கத்தவும் இல்லை. காதைப் பிடித்த கை பிடித்தபடி, இன்னும் வேகமாகத் தோப்புக்கரணம் போட்டார். அந்த நேரத்தில் அவருடைய உடம்புக்கு வேறு ஒரு வேலையும் தெரியவில்லை. ஆனை இந்த மனிதனைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்தது. அதன் வாழ்க்கையில் இப்படியொரு பிராணியை அது கண்டிருக்காது.

இந்த ஆள் செத்துப்போனால் திருப்பி எடுக்கவேண்டிய சொல்லை யார் எடுப்பது என்று தில்லைநாயகி ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே, அந்தச் சொல்லும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆள் தப்பினால் போதும் என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே பின் இருக்கையில் கிடந்த எலுமிச்சம்பழப் பையை இழுத்தெடுத்தாள். கண்ணாடியை இறக்கி, ஒரு பழத்தைத் தன்னால் முடிந்தவரை தூர எறிந்தாள். அது காய்ந்த இலைக்குள் விழுந்த சத்தத்துக்கு ஆனை காதை விரித்தது. இன்னொன்று எறிந்தாள். மற்றதும் எறிந்தாள். ஆனை தில்லையம்பலத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தது. பை காலியாகும் வரைக்கும் எறிந்தாள். அவர் பின்கதவால் ஏறி மடுத்தீனின் மடியிலேயே விழுந்தார்.

அதன் பிறகு மடுத்தீன்தான் ஜீப்பை ஓட்டினான். தில்லையம்பலம் பின் இருக்கையில் இருந்தார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவர் தன் பக்கம் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருப்பதைத் தில்லைநாயகி கண்டாள். இப்போது சொல்வார் என்று இருந்தாள். சனம் இல்லாவிட்டால் பரவாயில்லை, மடுத்தீன் ஒருவன் போதும், அவனுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாலும் போதும் என்று மனம் இளகிப்போய் இருந்தாள். பெற்றோல் நிலையத்தில் தொலைபேசிக்கு உயிர் வந்தது. அவர் உடனே லா சப்பலில் பக்கத்துக் கடை நீக்கிலாசைக் கூப்பிட்டார். “நீக்கிலாஸ், கேட்டியே அதிசயத்தை? பிள்ளையார் என்ரை கையாலை வாங்கிச் சாப்பிட்டார்!”

எலுமிச்சம்பழம் கதைக்குள் போய்விட்டது. அதை எறிந்தவள் போகவில்லை. தில்லைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இளகிய மனத்தைத் திரும்ப இறுக்கிக்கொண்டாள்.

புரட்டாதியில் அறுபதாம் கலியாணம். லா சப்பலில் மண்டபம் பிடித்திருந்தார்கள். ஆனையைப் பற்றி அவர் வாயாலேயே கேட்கச் சனம் முண்டியடித்து வந்திருந்தது. மடுத்தீன் அவருடைய சால்வையில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டான். தில்லையம்பலம் மணவறையில் எழுந்து நின்று, மண்டபத்தின் நாலு மூலை ஸ்பீக்கரும் அதிர, கடையில் சொன்னதைவிடப் பெரிய ஆனை ஒன்றை இறக்கினார். பிறகு பெரிய திரையில் படம் ஓடியது. மணல்மேடு, கடல்நாய், தீக்கோழி எல்லாம் வந்தன. அவர் தோப்புக்கரணம் போட்டார், பின்னால் ஆனை வந்தது, தும்பிக்கை நீண்டது, நாதசுரம் முழங்கியது. அடுத்த காட்சியில் ஆனை தூரத்தில் சாந்தமாக நின்றது. எறிந்த கையும் இல்லை, அழுத முகமும் இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். தில்லைநாயகி மடுத்தீனைப் பார்த்தாள். அவன் கமராவைத் துடைக்கிற சாட்டில் குனிந்துகொண்டான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

குருக்கள் தாலியை எடுத்துத் தில்லையம்பலத்தின் கையில் கொடுத்தார். கெட்டிமேளம் இடியாக இறங்கியது. “அம்மா, கொஞ்சம் குனியுங்கோ” என்றார் குருக்கள்.

தில்லைநாயகி குனியவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெட்டிமேளம் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. தவில்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் குருக்கள் கையைக் காட்ட, மேளம் நின்றது. முன்வரிசையில் சுபாங்கி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

மேளத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததில் தில்லையம்பலத்துக்குக் காது அடைத்துப்போயிருந்தது. கமராவோடு குனிந்து நின்ற மடுத்தீனிடம் மெல்லச் சாய்ந்தார்.

“மடுத்தீன், அவவைக் குனியச் சொல்லு.”

நாலு மூலையிலும் ஸ்பீக்கர் அதைக் கணீரென்று சொன்னது, அவருடைய அடைத்த காதுக்கு மட்டும் அது எட்டவில்லை. தில்லைநாயகி அவருடைய சால்வையைப் பார்த்தாள். மைக்கில் சின்னப் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. மடுத்தீனும் அதைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். முப்பது வருடம் கலியாணவீடு எடுக்கிறவன் மைக்கை நிறுத்த மறப்பானா? அவன் ஒன்றும் செய்யாமல் கமராவைச் சரிசெய்துகொண்டான்.

“மடுத்தீன் தம்பி,” என்றாள் தில்லைநாயகி, அவருடைய காதுக்குக் கிட்டவாக, அவருக்கு மட்டும் சொல்கிற மாதிரி, சால்வைப் பக்கமாகத் திரும்பி. “எலுமிச்சம்பழத்தை எறிஞ்சது ஆர் எண்டு அவரைக் கேள்.”

ஸ்பீக்கர் அதையும் மண்டபத்துக்குச் சொன்னது. மடுத்தீன் வாயைத் திறந்தான்.

“நீ பேசாமல் இரு மடுத்தீன்” என்றார் தில்லையம்பலம். அவர் அன்று முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார். தோட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார்.

“நீதான் எறிஞ்சனி” என்றார் மெதுவாக. “நாயகி, நீ எறிஞ்சபடியாத்தான் நான் இண்டைக்கு இஞ்சை இருக்கிறன். பிள்ளையாரும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை. எனக்குக் கால் ஓடேல்லை, அதுதான் தோப்புக்கரணம் போட்டனான். ஆனை வருமெண்டு நீ முதலே சொன்னனி. அண்டைக்குத் தேங்காய் உருளுமெண்டும் நீதான் சொன்னனி. எனக்குத்தான் ஒண்டும் தெரியேல்லை. சனத்துக்கு முன்னாலை உன்னை வாயைப் பொத்தச் சொன்னது என்ரை பிழை.”

இத்தனை வருடமாகச் சனம் கேட்கவேண்டும் என்றுதான் தில்லைநாயகி பிடிவாதமாக இருந்தாள். சனம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் சனத்தின் நினைப்பே அவளுக்கு வரவில்லை. அவர் ‘நீ’ என்று சொன்னது மட்டும் காதில் நின்றது. அவள் குனிந்தாள்.

கெட்டிமேளம் முழங்க அவர் தாலியைக் கட்டினார். மண்டபம் வெடித்தது. பெடியள் விசிலடித்தார்கள், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள், நீக்கிலாஸ் கதிரையில் ஏறி நின்று கைதட்டினார். ஆனைக்குக்கூட இவ்வளவு கைதட்டல் விழவில்லையே என்று தில்லையம்பலத்தின் முகம் பூரித்துப்போயிற்று. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் கும்பிட்டார்.

“இஞ்சருங்கோ” என்றாள் தில்லைநாயகி.

அவர் கும்பிட்ட கையோடு அப்படியே திரும்பினார். சொன்னது அவள்தானா என்று நம்பமுடியாமல் அவளுடைய வாயைப் பார்த்தார்.

“உந்த மைக் நிப்பாட்டேல்லை. நீங்கள் சொன்னது முழுக்கச் சனம் கேட்டிட்டுது.”

தில்லையம்பலம் குனிந்து பச்சை வெளிச்சத்தைப் பார்த்தார். நிமிர்ந்து சனத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த பூரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது.

“உனக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்.”

“தெரிஞ்சால் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“எப்பிடிச் சொல்லுறது?” என்றாள் தில்லைநாயகி. “அப்ப நாங்கள் கதைக்கிறேல்லையே.”